பத்தொன்பது கதவுகள்

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'முன்னுரை'. வகுப்புக்குள் நுழைந்தால் முதல் அரைமணி நேரம் முன்னுரைதான்; பாடம் ஆரம்பிக்கும்போது மணி அடித்துவிடும். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளாத பெருந்தன்மை தனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொள்வதில் மனிதர் என்றைக்கும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

பகலில் ஒரு கல்லூரி. சாயங்காலம் அதே கட்டடத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலைக் கல்லூரி. இரண்டிலும் கடைசி வருடத்துக்கு அவர் நடத்தியது ஒரே பாடம், ஒரு பழைய அமெரிக்க நாவல். ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்தவன் எப்படியோ பணம் சேர்த்து, பரம்பரைப் பணக்காரர்கள் தன்னைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கி, அரண்மனை மாதிரி வீடு கட்டி விருந்து மேல் விருந்து வைக்கிற கதை. "இவன் அசட்டுத்தனத்தைப் பாருங்க! அவங்க இவனை ஒரு மனுஷனாக்கூட மதிக்கல. இவனோ அவங்க சோபாவுல உக்காந்தாலே ஜென்மம் சாபல்யம்னு நினைக்கிறான்!" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார் முன்னுரை. வகுப்பு சிரிக்கும்.

அப்படிச் சொன்னவர்தான் சனிக்கிழமை ஆனால் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை மூன்று தடவை வாரிக்கொண்டு, பத்து மாடிக் குடியிருப்பின் உச்சியில் இருந்த ஒரு வீட்டுக்குக் கிளம்புவார். "என்ன, மாமியார் வீட்டுக்கா?" என்று மனைவி கேட்பாள். அவர் காதில் விழாத மாதிரி செருப்பைத் தேடுவார்.

அந்த வீட்டுப் பிள்ளை அவருடைய பகல் கல்லூரி மாணவன். அவனுக்குத் தனியாகப் பாடம் சொல்லித்தரப் போகிறார். தன் வகுப்பில் படிக்கிறவனுக்கு வீட்டில் போய்ப் பாடம் எடுக்கக் கூடாது என்று கல்லூரியில் கட்டாய விதி. வருடா வருடம் அதற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். பிடிபட்டால் வேலை காலி. ஆனாலும் போனார். சம்பளத்துக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். அந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தால் அவருக்கு முதுகு வலிப்பதில்லை. கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே ஊர் மொத்தமும் விளையாட்டுச் சாமான் மாதிரி கிடக்கும். பையனின் அம்மா, தங்கக் கோடு போட்ட கோப்பையைத் தன் கையாலேயே நீட்டி, "புரபசர் சார், சர்க்கரை சரியா இருக்கா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காக முன்னுரை அடுத்த சனிக்கிழமை வரைக்கும் காத்திருப்பார்.

அந்தக் குடியிருப்பின் லிஃப்ட், கம்பிக் கதவை இழுத்து மூடுகிற பழைய சாதனம். அதை இயக்கியவர் நாற்பத்தொரு வயது லிஃப்ட்காரர். கதவைத் திறந்து, மூடி, திறந்து, மூடி, பதினெட்டு வருடம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், ஸ்டூலுக்குக் கீழே ஒரு கிழிந்த நாவலை அவர் ஒளித்து வைப்பதை முன்னுரை பார்த்துவிட்டார். "படிப்பீங்களா?" என்று கேட்டார். "பத்து மாடிக்குப் பத்து வரி சார்" என்றார் லிஃப்ட்காரர். "மாலைக் கல்லூரியில சேர்ந்துடுங்களேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு முன்னுரை மறந்தும் போனார். மனுஷன் மறக்கவில்லை. அடுத்த மாதம் மாலை வகுப்பில், முதல் பெஞ்சில், சீருடைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

இப்போது இருவருக்கும் கடைசி வருடம், மேல்மாடிப் பையனுக்கும் லிஃப்ட்காரருக்கும். பையனுக்குப் பட்டம் என்பது சுவரில் மாட்ட ஒரு சட்டம். லிஃப்ட்காரருக்கு அதுதான் சோறு. பட்டனை அழுத்தினால் தானே ஓடுகிற புது லிஃப்ட் வரப்போகிறது என்று குடியிருப்புச் சங்கம் சொல்லிவிட்டது. சங்கத்து ஆபீஸில் ஒரு பொறுப்பாளர் இடம் காலி, ஆனால் அதற்குப் பட்டம் வேண்டும். "இந்த வருஷம் பாஸ் பண்ணிட்டா உள்ள வந்துடுங்க. இல்லன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று செயலாளர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டார்.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் வீட்டிலிருந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதித் தரவேண்டும். தலைப்பு: நாவலில் பாத்திரப் படைப்பும் கருப்பொருளும். பகல், மாலை, இரண்டு கல்லூரிக்கும் அதே தலைப்பு. லிஃப்ட்காரரிடம் புத்தகம் இல்லை என்று முன்னுரை தன்னுடைய பழைய பிரதியைக் கொடுத்தார். "சார், நடுவுல ரெண்டு தாள் இல்ல" என்று மறுவாரம் சொன்னார் லிஃப்ட்காரர். "அதுல முக்கியமா ஒண்ணும் நடக்கல, விடுங்க" என்றார் முன்னுரை.

ஒரு சனிக்கிழமை, லிஃப்ட் கிளம்பியதும் லிஃப்ட்காரர் நாலைந்து தாள்களைக் கூச்சத்தோடு நீட்டினார். "கட்டுரை சார். சும்மா ஒரு பார்வை பாருங்க. தப்பா இருந்தா திட்டுங்க."

முன்னுரை தரைத்தளத்தில் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது மாடியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஆறாவது மாடியில், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். லிஃப்ட் நின்றது.

லிஃப்ட்காரர் எழுதியிருந்தது இதுதான். 'இந்த நாவலில் பணக்காரர்களுக்கு முன்னால் பத்தொன்பது முறை கதவு திறக்கிறது. வீட்டுக் கதவு, வண்டிக் கதவு, விருந்துக்கூடத்துக் கதவு. திறந்தவன் யார் என்று ஆசிரியர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கதாநாயகன் ஏழையாக இருந்தபோது எல்லாக் கதவையும் அவனே திறக்கிறான். பணம் வந்தபிறகு ஒரு கதவைக்கூட அவன் கை தொடவில்லை. பணக்காரன் என்றால் பணம் உள்ளவன் இல்லை. கதவு தானாகத் திறக்கிறது என்று நம்புகிறவன்தான் பணக்காரன்.'

இருபத்திரண்டு வருடம் அந்த நாவலை நடத்தியவருக்கு இது தோன்றியதில்லை. "இது எப்படிங்க வந்துச்சு?"

"வேற என்ன சார் எனக்குத் தெரியும்? கதவுதான் தெரியும். என் பொண்ணும் நானும் பென்சிலால கோடு போட்டு எண்ணினோம். நான் விட்டதுல ரெண்டை அவ கண்டுபிடிச்சா" என்று லிஃப்ட்காரர் சிரித்தார்.

"பிரமாதம். ஒரு எழுத்துக்கூட மாத்தாதீங்க."

அந்த வார்த்தை மனசாரச் சொன்னதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே!

மேலே போனால், பையன் சோபாவில் காலை மடித்துப் போட்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான். முன்னுரை எதைச் சொன்னாலும் 'ம்'. அன்றைக்கென்று அம்மாவும் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "இவன் உருப்படுவானா சார்?" என்று கேட்டாள். முன்னுரைக்கு ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தார், பத்தொன்பது கதவுகளும் வந்து விழுந்தன. எண்ணிக்கை, ஏழையின் கை, 'தானாகத் திறக்கிறது என்று நம்புகிறவன்' என்பது வரைக்கும், ஒன்று விடாமல்.

பையன் முதல்முறையாகப் போனைக் கவிழ்த்து வைத்தான். "சார், செம! எங்க படிச்சீங்க இதை?"

இங்கேதான் முன்னுரைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 'கீழே லிஃப்ட்ல இருக்காரே, அவர் எழுதினது' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அம்மாவின் கண் அகலமாகத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் படிச்சா வராது தம்பி. கவனிச்சாதான் வரும்" என்றார் முன்னுரை.

அந்த அம்மா கோப்பையை இரண்டாம் முறை நிரப்பினாள். அவர் கீழே இறங்கும்போது லிஃப்ட்காரர் எப்போதும்போல் கதவைத் திறந்துவிட்டு, "பாத்து சார், படி இருக்கு" என்றார். அன்றைக்கு முன்னுரைக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இந்தச் சோம்பேறி இதையெல்லாம் எங்கே எழுதப் போகிறான் என்றுதான் நினைத்தார்.

எழுதிவிட்டான். மூன்று வருடத்தில் அவன் காது கொடுத்துக் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

கட்டுரைகளைத் திருத்தியது வெளிக் கல்லூரி ஆசிரியை ஒருவர், வம்புக்குப் போகாத ஆனால் வந்த வம்பை விடாத ரகம். இரண்டு கட்டுரையிலும் ஒரே கருத்து என்று கண்டதும் அவர் உட்கார்ந்து நாவல் முழுவதும் கதவுகளை எண்ணிவிட்டார். பிறகு விசாரணை. முதல்வர் அறையில் முதல்வர், ஆசிரியை, பாடம் நடத்தியவர் என்ற முறையில் முன்னுரை. எதிரே மேல்மாடிப் பையனும் லிஃப்ட்காரரும். லிஃப்ட்காரர் ஒருநாள் விடுப்பெடுத்து, சீருடை இல்லாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மடியில் துணிப்பை.

"நான் எண்ணினேன். கதவு மொத்தம் இருபத்திரண்டு. ரெண்டு பேரும் பத்தொன்பதுன்னு எழுதியிருக்காங்க. சரியா எழுதியிருந்தாக்கூட தற்செயல்னு விட்டிருப்பேன். ஒரே தப்பு எப்படி ரெண்டு பேருக்கு வரும்?" என்றார் ஆசிரியை.

முதல்வரின் பார்வை இயல்பாக, யாரும் தள்ளிவிடாமலே, லிஃப்ட்காரர் பக்கம் போய் நின்றது. "நீங்க இந்தத் தம்பி இருக்கிற கட்டடத்துலதான் வேலையாமே? தம்பியோட தாளை எங்கேயாவது பாத்தீங்களா? காப்பின்னு முடிவானா மூணு வருஷம் பரீட்சை எழுத முடியாது, தெரியுமில்ல?"

முன்னுரை மனசுக்குள் கணக்குப் போட்டார். மூன்று குறைகிறது. அவர் கொடுத்த பிரதியில் இல்லாத அந்த இரண்டு தாளில் வண்டிக் கதவு இரண்டு, வீட்டுக் கதவு ஒன்று. கண்ணை மூடினால் பக்கம் தெரிந்தது. எண்ணியது யார் என்பதற்கு அந்தக் கிழிந்த புத்தகத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அது லிஃப்ட்காரரின் துணிப்பையில்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். வைத்தால் அடுத்த கேள்வி: அப்படியானால் பையனுக்கு யார் சொன்னது? எங்கே வைத்து?

பையனும் முன்னுரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம்கூட இல்லை. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நிம்மதிதான்.

லிஃப்ட்காரர் பைக்குள் கையை விட்டார். "ஐயா, என் புஸ்தகத்துல நடுவுல..."

"நான்தான் சொன்னேன்" என்றார் முன்னுரை.

அறை திரும்பிப் பார்த்தது.

"வகுப்பு முடிஞ்சு சந்தேகம் கேட்டாங்க. இவர் ஒருநாள், அவன் ஒருநாள். நான்தான் அந்தக் கருத்தைச் சொன்னேன். எண்ணிக்கையும் நான் சொன்னதுதான், நினைவுல சொன்னேன், தப்பாப் போச்சு. காப்பி இல்ல சார். ரெண்டு பேரும் நிரபராதிங்க."

சொல்லும்போது தான் ஒரு உயிரைக் காப்பாற்றுவதாகவே அவருக்கு இருந்தது. அப்படி ஒரு சாமர்த்தியம். ஒரே பொய்யில் இரண்டு பேரும் தப்பித்தாயிற்று, மூன்றாவதாகத் தானும்.

முதல்வர் லிஃப்ட்காரரைக் கேட்டார். "அப்படியா? சார் சொன்னதா?"

லிஃப்ட்காரர் முன்னுரையைப் பார்த்தார். ஒரு மாடி ஏறுகிற நேரம் பார்த்திருப்பார். பிறகு பைக்குள்ளிருந்து கையை வெறுமனே வெளியே எடுத்தார். "ஆமாங்கய்யா. சார் சொன்னதுதான்."

அவர்கள் இருவரும் வெளியே போனபிறகு முதல்வர் முன்னுரையின் தோளைத் தட்டினார். "என்ன ஒரு பார்வை சார்! ஆண்டு மலருக்கு இதையே விரிவா எழுதிக் குடுங்க." முன்னுரை அசடு வழிந்தார்.

முடிவு வந்தது. காப்பி இல்லை. ஆனால் ஆசிரியர் வாயிலிருந்து வந்த கருத்துக்கு மாணவனுக்கு மதிப்பெண் கிடையாது. அந்தப் பகுதிக்குச் சுழியம். பையனுக்கு அது நாலு பாராவில் ஒரு பாரா, மற்றதை எங்கிருந்தோ பார்த்து நிரப்பியிருந்தான், தேறிவிட்டான். லிஃப்ட்காரருக்கோ கட்டுரையே அதுதான். நான்கு மதிப்பெண்ணில் போய்விட்டது.

பாவி, பாவி என்று முன்னுரை தன்னைத் தானே திட்டிக்கொண்டார். சோறு இறங்கவில்லை. "என்ன, உங்க மாமியார் வீட்ல ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்று மனைவி கேட்டபோது, வழக்கமாகக் காதில் விழாததுபோல் இருப்பவர், "சும்மா இருடி" என்று எரிந்து விழுந்தார். பிறகு அதற்காகவும் வருத்தப்பட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் லிஃப்டில் ஏறவில்லை. வாசலில் லிஃப்ட்காரர் யாருக்கோ சாமான் தூக்கிவைக்கக் குனிந்த நேரம் பார்த்துப் படிக்கட்டுப் பக்கம் நழுவினார். பத்து மாடி! நாலாவதில் மூச்சு வாங்கியது, ஏழாவதில் உட்கார்ந்துவிட்டார். பாடம்தான் முடிந்துவிட்டதே, எதற்குப் போகிறார்? பையன் தேறியதற்கு அந்த அம்மா தேநீருக்குக் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டதும் போய்விட்டார், வேறென்ன? அன்றைக்கு அந்தச் சோபாவில் முதுகு வலித்தது. பையன், "சார், அந்த லிஃப்ட் ஆளு பாவம் இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனைத் தடவ ஆரம்பித்தான்.

இறங்கும்போது கால் ஒத்துழைக்கவில்லை. லிஃப்டைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"படியில போனீங்களாமே சார். வாட்ச்மேன் சொன்னாரு. முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்றார் லிஃப்ட்காரர், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே. குரலில் குத்தல் இருக்குமா என்று முன்னுரை தேடிப் பார்த்தார். இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னை மன்னிச்சிடுங்க. எனக்கு வேற வழி..."

"அதை விடுங்க சார். நீங்க இல்லன்னா நான் காலேஜ் வாசலையே மிதிச்சிருக்க மாட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னுதான் ஆமான்னு சொன்னேன். அது போகட்டும். என் பொண்ணுதான் சார் என்கூடப் பேச மாட்டேங்குறா. 'கூட உக்காந்து எண்ணினேனே, ஏம்ப்பா பொய் சொன்னே?'ன்னு ஒரே பிடிவாதம். நான் சொன்னா எடுபடல. நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வந்து சொல்றீங்களா? அப்பா தப்புப் பண்ணலன்னு. அது போதும் எனக்கு."

மறுநாளே ஞாயிற்றுக்கிழமை, முன்னுரை போனார். இரண்டு அறை வீடு. கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதை அவருக்குப் போட்டுவிட்டு லிஃப்ட்காரர் நின்றுகொண்டார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்து, "வாங்க சார்" என்றதோடு சரி. பெண்ணுக்குப் பதிமூன்று வயது இருக்கும். தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் அந்தப் பார்வையில் பறந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அப்பா எழுதினது அப்பாவே எழுதினதும்மா. நான் சொல்லிக் குடுக்கல. அதை நான்தான் அந்தப் பையன்கிட்ட என் கருத்து மாதிரி பீத்திக்கிட்டேன். மாட்டிக்கிட்டதும் பொய் சொன்னேன். அப்பா என்னைக் காப்பாத்தத்தான் ஆமான்னு சொன்னார். அவர்மேல கோபப்படாதே."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது. அவர் கண் கலங்கியது. கலங்கியது அவருக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

பெண் யோசித்தாள். "இதைக் காலேஜ்ல சொன்னா அப்பா பாஸ் ஆயிடுவாரா?"

"ஆயிடுவார். மறுபரிசீலனைக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

"சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப என்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்றீங்க?"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. முதல்வர் தோளைத் தட்டியது, தங்கக் கோடு போட்ட கோப்பை, இருபத்திரண்டு வருட வேலை, வீட்டில் மனைவியின் முகம், எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முன்னுரையின் கண்முன் வந்து நின்றன. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நாளைக்குச் சொல்லிடறேன்மா."

அவள் அவரை நம்பலாமா என்று கேட்பதுபோல் அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லிடுவார்மா. சார் சொன்னா செய்வார். எந்திரி, உள்ள போ" என்றார் லிஃப்ட்காரர், அவசர அவசரமாக, முன்னுரையின் முகத்தைப் பார்க்காமல். கல்லூரியில் முதல்வருக்கு 'ஆமாங்கய்யா' சொன்னாரே, அதே குரல். தனக்காக அந்த மனுஷன் இரண்டாவது முறையும் பொய் சொல்கிறார் என்று முன்னுரைக்குப் புரிந்தது.